வேறு அடுப்புக்குப் போன மீன்

சாவி என் கால்சட்டைப் பையில் ஒரு மாதமாகக் கிடந்தது. கை சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கேதான் போகும். தொடுவேன், திருப்புவேன், விட்டுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தொடுவேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடியலிலிருந்தே மழை. இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில் நின்று பாணுக்குள் சம்பல் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து கதவடியில் நின்றாள். ஞாயிறென்றாலும் அவள் வேலை பார்க்கும் வீட்டுச் சின்யோரா லீவு தருவதில்லை.

“அப்பா, இண்டைக்குச் சொல்லுவியளோ?”

“சொல்லுவன்.”

“மூண்டு ஞாயிறாச் சொல்லுவன் சொல்லுவன் எண்டுதான் சொல்லுறியள். இண்டைக்கு நீங்கள் சொல்லாட்டி நாளைக்கு நான் சொல்லிப்போடுவன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது.”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். ஜூனில் பள்ளிக்கூடம் முடிந்ததும் மகளும் பேத்தியும் இங்கிலாந்துக்குப் போகிறார்கள். மருமகன் போய் ஒன்றரை வருடமாகிறது. அங்கே வீடு பார்த்தாயிற்று, பேத்திக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. மூன்று பேருமாகப் போகிறோம் என்றுதான் பேத்தி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. சந்தைக்குப் பின்னால், ஸ்கூட்டர் திருத்தும் கடைக்கு மேலே, ஒற்றை அறை ஒன்றை எடுத்துவிட்டேன். பையில் கிடந்தது அந்த அறையின் சாவி.

கேட்டவர்களிடமெல்லாம் பேப்பரைச் சாட்டினேன். என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்குத் தந்த அனுமதி, வேறு மாதிரியானது, என்னைக் கூட்டிப்போக விடமாட்டார்கள் என்றேன். கோயிலில் கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பேப்பர் கஷ்டந்தான், அதில் பொய்யில்லை. ஆனால் மருமகன் அங்கே யாரோ வக்கீலைப் பிடித்து, வழியிருக்கிறது என்று சொன்னபோது, சந்தோஷப்படாமல் எரிச்சல்பட்டவன் நான். அறுபத்தெட்டு வயதில் இன்னொரு ஊரில், இன்னொரு பாஷையில், பாண் எங்கே விற்கிறது என்று கேட்டுப் பழக எனக்கு மனமில்லை. இங்கே சந்தையில் கோழிக்கடைக்காரன் என்னைக் கண்டால் திட்டுவான், நானும் விடமாட்டேன். காலையில் தொண்ணூற்றொரு வயதுச் சின்யோரே ஒருவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்து ஜன்னலோரம் இருத்துவது என் வேலை. ஒரு நாள் பிந்திப்போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் வீடு மாறிய தடவைகள் போதும். இனி ஒரு கதவைப் பூட்டிவிட்டுப் போக என்னால் ஏலாது. அவ்வளவுதான் காரணம். மகளுக்கு மட்டும் இது தெரியும். தெரிந்து இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அறைக்கு வந்து, ஜன்னலைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் பேத்திக்கு வயது பன்னிரண்டு. விருப்பமில்லாமல்தான் உன்னோடு வரவில்லை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அவள் தூண்டில் தடியோடு சமையலறைக்குள் வந்தாள். நைலோன் நூலை வெட்ட ஏதாவது வேண்டுமென்று மேசை லாச்சியைக் கிளறினாள்.

“அம்மப்பா, மீன் வெட்டுற கத்தி எங்கை?”

“தீட்டக் குடுத்திருக்கு.”

“எங்கை?”

“சந்தையில.”

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு போனாள். கத்தி என் அறையில் இருந்தது. ஒரு சட்டி, ஒரு கத்தி, ஒரு தலையணை, அவ்வளவும் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

மீன் பித்து அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எங்கள் பரம்பரை மன்னார்க் கடலில் மீன் பிடித்த பரம்பரை. ஆனால் அவளுக்கு அது வந்தது போனிலிருந்து. அமெரிக்காவில் யாரோ ஏரியில் வரி போட்ட மீன் பிடிக்கிற வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்ப்பாள், தலை சீவும்போதும் பார்ப்பாள். அந்த மீனின் ஒரு கலப்பு இனத்தை இத்தாலியிலும் வளர்த்துத் தனியார் ஏரிகளில் விடுகிறார்கள், பெயர் பெர்சிகோ ஸ்பிகோலா, அப்படியொரு ஏரி பலெர்மோவுக்குப் பின்னால் மலைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பிறந்தநாளுக்குத் தடி கேட்டாள். மூன்று ஞாயிறு அங்கே போனோம். மூன்று ஞாயிறும் மீனும் படவில்லை, என் வாயும் திறக்கவில்லை.

மழையென்று பார்த்தால், மகள் வைத்த தவணைக்குள் இனி ஞாயிறு இல்லை. மருமகன் விட்டுப்போன பழைய காரை எடுத்தேன். ஒரு வைப்பர் துடைத்தது, மற்றது நடுங்கியது. பியானா ஊரைத் தாண்டி ஏறும்போது மலையுச்சிகளைக் காணவில்லை. இப்போது சொல்லலாம், அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தபடி ஓட்டினேன். வளைவுகள் வந்துகொண்டே இருந்தன.

“பிள்ளை,” என்றேன்.

“ம்?”

“பாண் வேணுமோ?”

“வேண்டாம், அம்மப்பா. இப்பத்தானே சாப்பிட்டனான்.”

ஏரிக் காவற்காரன் ஒரு தடித்த மனிதன். தொப்பிக்குள்ளிருந்து மேகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். போன ஞாயிறு நான் இறால் தலை கொண்டுவந்ததற்கு ஒரு பிரசங்கமே வைத்தவன். அன்றைக்கும் பலகையிலிருந்த விதிகளை விரலால் தட்டித் தட்டிச் சொன்னான். பொய்மீன் மட்டுந்தான் கட்டலாம். தூண்டிலில் எதிர்முள் இருக்கக் கூடாது. வரிமீன் பிடித்தால் படம் எடுத்துவிட்டு உயிரோடு தண்ணீரில் விட வேண்டும். இடி முதல்முறை கேட்டதும் கரைக்கு வந்துவிட வேண்டும். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பிடித்த மீனை விடுவதற்கு எதற்காகப் பிடிக்க வேண்டும் என்பது என் மண்டைக்குள் நாலாவது ஞாயிறும் ஏறவில்லை. இரண்டு பாதுகாப்புச் சட்டை தந்து, வள்ளத்தை அவிழ்த்துவிட்டான்.

கடலில் வளர்ந்தவனுக்கு ஏரி என்றால் ஒரு இளக்காரம். இதெல்லாம் ஒரு தண்ணியா என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஏறுவேன். ஆனால் காற்றடித்தால் ஏரியின் அலை குட்டை குட்டையாக, மூச்சு விட இடமில்லாமல் வரும். துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் வள்ளம் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. என் முழங்கால் ஆடியது. ஆடாதேயுங்கோ, மீனுக்குக் கேட்கும் என்றாள் பேத்தி. கால் நின்றது, கை பைக்குள் போனது.

அவள் பொய்மீனை எறிவாள், சுற்றியிழுப்பாள், திரும்ப எறிவாள். மழை நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. துடைக்கவுமில்லை. அவளுடைய பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போனது.

“நீங்கள் மன்னாரில முதல் முதல் மீன் பிடிச்சு என்ன செய்தனீங்கள்? விட்டனீங்களோ?” என்று தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“விடுறதோ? எங்கட வீட்டில ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிடிக்கிற முதல் மீன் சொந்த வீட்டு அடுப்பில ஏறக் கூடாது. வேற வீட்டுக்குக் குடுக்கோணும்.”

“வேற வீடு எண்டா?”

“வேற அடுப்பு எரியிற வீடு. சொந்தக்காரரா இருந்தாலும் பரவாயில்லை, அடுப்பு வேறயா இருக்கோணும். பிடிச்ச பிள்ளை வாசலுக்கு வெளியில நிண்டு குடுக்கோணும். உள்ள போகக் கூடாது, அந்தக் கறியில ஒரு வாய் தின்னவும் கூடாது.”

“ஏன்?”

“ஏனெண்டு கேட்டா எனக்கென்ன தெரியும்? அப்பிடித்தான்.”

“நீங்கள் ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

“மாமி வீட்டுக்கு. எனக்கும் தந்தால் என்னவெண்டு அழுதுகொண்டு வந்தனான்.”

சிரித்தாள். நல்ல நேரம். அவளும் தன்பாட்டில் இருந்தாள், காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்தது. சொல்லடா கிழவா என்று என்னையே ஏசிக்கொண்டு, தொண்டையைச் செருமினேன்.

“பிள்ளை, இங்கிலாந்துக்குப் போற விஷயம்…”

தடி வளைந்தது.

“அம்மப்பா! அம்மப்பா!”

சுருளிலிருந்து நூல் கிறீச்சென்று ஓடியது. அவள் எழும்பி நின்றாள். நான் இரு இரு என்று கத்தி அவளுடைய பாதுகாப்புச் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். மீன் ஆழத்துக்குப் போனது, வள்ளத்தின் அடியால் மறுபக்கம் வந்தது. அவள் எனக்கு ஒன்றும் தரவில்லை, தடியையும் தரவில்லை. வீடியோவில் படித்ததையெல்லாம் தனக்குத் தானே இத்தாலியனில் சொல்லிக்கொண்டு, விட்டு விட்டு இழுத்தாள். மேகத்துக்குள் எங்கேயோ உருளும் சத்தம் கேட்டது. முதல் இடி. கேட்டேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவளுடைய முகம் அப்படி இருந்தது.

மீன் பக்கத்தில் வந்ததும் பிடி வைத்த வலையால் அள்ளி வள்ளத்துக்குள் போட்டேன். முழங்கையளவு மீன். வெள்ளி உடம்பில் செவுள் தொடங்கி வால் வரை கறுப்புக் கோடுகள். சில கோடுகள் நடுவில் முறிந்து, பிறகு திரும்பவும் ஓடின. அது வலைக்குள் கிடந்து துள்ளி என் காலில் அடித்தது.

என் கை என்னிடம் கேட்கவில்லை. பெரிய மீன் வள்ளத்துக்குள் விழுந்தால் முதல் வேலை தலையில் ஒரு அடி. இல்லாவிட்டால் நூலையும் குழப்பி ஆளையும் வெட்டும். இருபது வயதுக்குள் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன். துடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்து ஒரே போடு. மீன் ஒருமுறை உதறி அடங்கியது. நல்லாப் பட்டது என்ற திருப்திகூட வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். அதோடு நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் ஒரு கையில் போனைப் படமெடுக்கப் பிடித்தபடி நின்றாள்.

“சாக்காட்டிப் போட்டீங்கள்,” என்றாள். முதலில் மெல்லத்தான் சொன்னாள். பிறகு கத்தினாள். “மா கே ஃபாய்! என்ன செய்யிறீங்கள்! விடோணும் எண்டு அந்தாள் சொன்னவர்தானே! என்ர மீன்! சாக்காட்டிப் போட்டீங்கள்!”

“பிள்ளை, கை பழக்கத்தில…”

கேட்கவில்லை. மண்டியிட்டு மீனை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீருக்குள் பிடித்தாள். மயங்கிய மீனுக்கு வீடியோவில் செய்கிற மாதிரி, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னுமாக அசைத்தாள். அசைத்துக்கொண்டே இருந்தாள். மீனின் கண் எங்கேயும் பார்க்கவில்லை. தூண்டில் முள் அதன் வாயில் இல்லை, எப்போதோ கழன்றிருந்தது. நான் அடிக்காமல் விட்டிருந்தால் அது தானாகவே போயிருக்கும்.

அப்போது மின்னியது. எண்ணத் தொடங்கும் முன்பே இடி வந்துவிட்டது. ஏரிக்கு நடுவில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரே பொருட்கள் நானும் அவளும் அந்தக் காபன் தடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. கடலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே என்னோடு இருந்தவர்கள் பெரிய மனிதர்கள். தடியைப் பறித்துப் படுக்கப் போட்டேன். குனிந்து இரு என்று அவளைப் பார்த்து ஊளையிட்டேன். துடுப்பைப் பிடித்து வலித்தேன். ஆலங்கட்டி விழத் தொடங்கியது. தலையிலும் கையிலும் வள்ளத்தின் பலகையிலும் சடசடவென்று விழுந்தது. அவள் மீனை மடியில் வைத்து அதன்மேல் குனிந்திருந்தாள். அந்தோனியாரே, அந்தோனியாரே என்று துடுப்புக்கு ஒரு தடவையாகச் சொல்லிக்கொண்டு வலித்தேன். ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல் பிள்ளையைக் கொண்டுவந்து இடிக்குக் காட்டுகிற மடையன் உலகத்தில் வேறு யாரும் உண்டா?

கரையில் காவற்காரன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே என்னை ஏசினான். இடிக்காக ஏசி முடிக்கும் முன்பே மீனைக் கண்டான். அதற்கும் சேர்த்து ஏசினான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நியாயந்தானே. பேத்தி எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் தெருவில் கதைக்கிற அதே இழுவையில், தெரியாமல் செய்துவிட்டார், அவருடைய ஊரில் அப்படித்தான், இனி நாங்கள் வரமாட்டோம், கத்த வேண்டாம் என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் ஆடவில்லை. மனிதன் அடங்கிப்போனான். கொண்டுபோங்கள், இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி, மீனைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துத் தந்தான்.

காரில் அவள் பின்சீட்டில் ஏறினாள். எப்போதும் என் பக்கத்தில் இருக்கிறவள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன். மலை இறங்கி, பலெர்மோவின் வெளிச்சமான பக்கம் தெரிந்தது. கீழே மழையே இல்லை. நனைந்த உடுப்போடு வெயிலுக்குள் இறங்குவது எனக்கு எரிச்சலாக இருந்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது.

சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“இது என்ர முதல் மீன்தானே?”

“ஓம், பிள்ளை.”

“செத்தாலும் முதல் மீன்தானே?”

“ஓம்.”

“அப்ப வேற வீட்டுக்குக் குடுக்கோணும்.”

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கோபம் தணிகிறது என்று நினைத்தேன். கீழ்மாடிச் சின்யோராவுக்குக் கொடுக்கலாம், அவ மீனென்றால் விடமாட்டா என்றேன். ஃபாதருக்குக் கொடுக்கலாம் என்றேன். என் சின்யோரேக்கு முள் எடுத்து அவித்துக் கொடுக்கலாம் என்றேன். வாய் சும்மா இருக்காமல் ஊரிலுள்ள ஆட்களையெல்லாம் கூப்பிட்டது.

“நான் யோசிச்சிட்டன்,” என்றாள்.

வீட்டுக்குக் கிட்டக் காரை நிறுத்தினேன். அவள் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் சந்தைக்குப் பின்னால் நடந்தாள். சந்தை அடங்கியிருந்தது, தட்டுகளைக் கழுவிய தண்ணீர் கல்லிடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கோழிக்கடைக்காரன் என்னைப் பார்த்து, நனைந்த கோழி என்று ஏதோ கத்தினான். திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் ஸ்கூட்டர் கடையின் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்துக் கதவைத் தள்ளினாள். படியில் ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன்.

அறைக் கதவுக்கு முன்னால் நின்று, “திறவுங்கோ,” என்றாள்.

“பிள்ளை, இது…”

“சாவி உங்கட பொக்கற்றுக்குள்ள கிடக்கு. முழு நாளும் அதைத்தானே தடவிக்கொண்டு இருந்தனீங்கள்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“கத்தியைப் பேப்பரில சுத்திக்கொண்டு போனீங்கள். நான் பின்னால வந்தனான்.”

ஐந்து நாளாயிற்று நான் கத்தியைக் கொண்டுபோய். அப்படியென்றால் காலையில் கத்தி எங்கே என்று கேட்டபோதும் தெரியும். வள்ளத்தில் நான் தொண்டையைச் செருமியபோதும் தெரியும். சாவியை எடுத்தேன். துவாரத்துக்குள் போக மறுத்தது, இரண்டு தடவை தவறியது. திறந்தேன். ஜன்னல் சுத்தமாக இருந்தது, மற்றபடி அறையில் ஒரு சட்டியும் கத்தியும் தலையணையும், இரண்டு வாய் காஸ் அடுப்பும். நான் உள்ளே போய் நின்றேன். அவள் வாசலுக்கு வெளியே நின்றாள்.

“உள்ள வா.”

“வரக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

பையை இரண்டு கையாலும் நீட்டினாள். “முதல் மீன். நீங்கள் இனி வேற வீடுதானே.”

வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது? பை சரசரத்தது. மூன்று ஞாயிறும் அன்றைக்கும் சேர்த்து நான் சுமந்து திரிந்ததை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே வசனத்தில் இறக்கி என் கையில் தந்துவிட்டாள். அப்போதும் என் நாக்கு பழைய வழியில்தான் போனது.

“பிள்ளை, என்ர பேப்பர்…”

“தெரியும். பேப்பர்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கினாள். அவளுடைய சப்பாத்து படிகளில் சளக் சளக் என்றது. ஒரு வளைவு இறங்கிவிட்டாள். இன்னும் ஒரு வளைவு இறங்கினால் தெரு. நான் மீனோடு வெளியே ஓடி வந்து கைப்பிடிக் கம்பிக்கு மேலால் குனிந்தேன்.

“பேப்பர் இல்லை!” என்று கத்தினேன். “பேப்பர் சரிவரும். எனக்குத்தான் வர விருப்பமில்லை. உன்னில விருப்பமில்லாமல் இல்லை, பிள்ளை. போறதிலதான் விருப்பமில்லை. களைச்சுப்போனன்.”

சப்பாத்துச் சத்தம் நின்றது. நான் காத்துக்கொண்டு நின்றேன். அவளுடைய தலை தெரியவில்லை, கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. விரல்களெல்லாம் குளிரில் சிவந்து, ஒன்றில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டர் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“உப்பு இருக்கோ அங்கை?”

திரும்பி அறையைப் பார்த்தேன். சட்டி, கத்தி, தலையணை.

“இல்லை.”

“மிளகாய்த்தூள்?”

“இல்லை.”

“சரி, நில்லுங்கோ,” என்றாள். “வீட்டை போய் எடுத்துக்கொண்டு வாறன்.”